மான் ஓடிய மேடு

தில்லி மாநகரில் சப்தர்ஜங் கல்லறைக்குத் தெற்கே எழுந்த அரசாங்கக் குடியிருப்புகளுள் லக்ஷ்மிபாய் நகரும் ஒன்று. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி அங்கே இருத்தலால், அப்பெயர் நம்மவர் செவிக்கு நன்கு பழகியது. அலுவலகம், அங்காடி, பள்ளி என்னும் மூன்றுக்கும் இடையே நாள்தோறும் நடக்கும் நாம், நம் காலடியில் உள்ள நிலத்தின் சரித்திரத்தை எண்ணிப் பார்ப்பது அரிது. மேற்கே சற்றுத் தொலைவில் நீளும் 'ரிட்ஜ்' என்னும் பாறைமேடு ஆரவல்லி மலைத்தொடரின் கடைக்கோடி. ஒரு காலத்தில் அது மன்னர்கள் மானைத் துரத்திய வேட்டைக்காடு. அந்த மானை ஒழித்தது அம்பா, கோடரியா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் கேள்வி.

1351 முதல் 1388 வரை தில்லியை ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக் வேட்டையில் பெரும் பித்துக் கொண்டவர். மேட்டின் நடுப்பகுதியில் உள்ள மால்ச்சா மகால், கரோல் பாக்கை அடுத்த பூலி பட்டியாரி மகால், வட பகுதியில் உள்ள பீர் காயிப் ஆகிய மூன்றும் அவர் காலத்து வேட்டை மாளிகைகள் எனக் கருதப்படுகின்றன. மீரத்திலிருந்து அசோகர் தூண் ஒன்றைக் கொணர்ந்து தம் வடபுறத்து வேட்டை மாளிகை வளாகத்தில் அவர் நாட்டியதும் சரித்திரம். தில்லிக்குக் கிழக்கே பதாயூன், ஆன்லாப் பகுதியில் பரந்த நிலமொன்றை வேட்டைக்கென்றே ஒதுக்கி வைத்தார். ஏர் நுழையக் கூடாத அந்நிலத்தால் உழவனுக்கு நஷ்டம். காட்டுக்கோ அது ஒரு வேலியாயிற்று. பின்னர் முகலாயர் காலத்திலும், இன்று விமான நிலையம் அமைந்துள்ள பாலம் பகுதி, பழக்கிய சிவிங்கிகளை ஏவி வெளிமானைப் பிடிக்கும் களமாக விளங்கிற்று.

அரசர் ஆட்டம் ஓய்ந்தது, நகரம் வளர்ந்தது. அடுப்புக்கு விறகும், சுண்ணாம்புக் காளவாய்க்கு எரிபொருளும், ஆடுமாடுகளுக்கு மேய்ச்சலும் நகரத்தின் ஓயாத தேவைகள். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஆங்கிலப் படை வடமேட்டில் பாசறை அமைத்திருந்தது. மறு ஆண்டில் பெலிச்சே பியாட்டோ எடுத்த புகைப்படங்களில் அம்மேடு பெரும்பாலும் வெறும் கல்லாகவே காட்சி தருகிறது.

காடு வெட்டுண்ட மறுநாளே மான் மறைந்துவிடும் என்று எண்ணுவது சரியன்று. வெட்டிய அடிமரம் தளிர்க்கும். வெயில் பட்ட தரையில் புல்லும் செடியும் செழிக்கும். வாய்க்கு எட்டும் உயரத்தில் இரை மிகுதலால் மான் வெட்டவெளிக்கு வரும். முன்பு மறைத்து நின்ற மரங்கள் இல்லாமையால் வேடன் கண்ணில் எளிதில் படும். தலைமுறை தலைமுறையாகத் தான் அறிந்த காட்டில் வேட்டையாடுபவன், இவ்வாண்டு மான் பெருகிவிட்டது என்று களிப்பான். உண்மையில் பெருகியது அவன் பார்வை எட்டும் தூரமே. பின்னர்த் தளிரை ஆடு மேய்ந்துவிடும். அடிக்கட்டையும் விறகுக்குப் போய்விடும். கன்றை ஒளித்து வைக்கப் புதரில்லாத நிலத்தில் மான் தங்காது. கோடரி தொடங்கியதை அம்பும் துப்பாக்கியும் முடித்து வைக்கும்.

இவ்வுண்மையை நம் நீலகிரியிலும் காணலாம். கடமான் குறைந்து வருவதைக் கண்ட அங்குள்ள ஆங்கில வேட்டைக்காரர்கள் 1877-இல் ஒரு சங்கம் அமைத்தனர். 1879-இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் பிறந்தது. உரிமச்சீட்டு, வேட்டை கூடாத பருவம் என்றெல்லாம் விதிகள் வந்தன. ஆயினும் சட்டம் கட்டியது வேடன் கையைத்தான். சோலைகளும் புல்வெளிகளும் தேயிலைக்கும், தைலமரத்திற்கும், சீகை மரத்திற்கும் இடம் கொடுத்தவண்ணமே இருந்தன.

தில்லியின் கதை இன்னும் விசித்திரமானது. 1911-இல் தலைநகர் இங்கு மாற்றப்படுவதாக அறிவிக்கப்பட்டபின், மால்ச்சா முதலிய கிராமங்களின் நிலங்கள் புதுநகருக்காகக் கையகப்படுத்தப்பட்டன. 1913-இல் மேட்டின் ஒரு பகுதி ஒதுக்கப்பட்ட காடாயிற்று. வெறும் கல்லைப் பசுமையாக்க விரும்பிய ஆங்கிலேயர் விரைவில் வளரும் ஒரு மரத்தை நட்டனர். நம்மவர் அம்மேட்டிற்குச் சென்றால் முதலில் அடையாளம் காண்பது அதைத்தான். 'விலாயதி கீக்கர்' என்று இங்கு வழங்கும் அது, நம் இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலே! அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அம்மரம் 1877-இல் மதராஸ் மாகாணத்திலும் விறகுக்காக விதைக்கப்பட்டது. தில்லி மேட்டில் அது புரசு முதலிய மண்ணின் மரங்களை நெருக்கித் தள்ளியது. வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்தரையை ஆக்கிரமித்தது. புல்லை உண்டு, வெட்டவெளியில் ஓடித் தப்பும் வெளிமானுக்கு அடர்ந்த முட்காடு வீடாகாது. ஆகவே மரத்தை வெட்டுவது மட்டுமின்றி, பொருந்தா மரத்தை நடுவதும் மானை வெளியேற்றுவதே.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமான் வேட்டையை முற்றிலும் தடுத்துவிட்டது. லக்ஷ்மிபாய் நகருக்கு அண்மையில், ஹவுஸ் காஸ் மான் பூங்காவில் வேலிக்குள் வைத்த புள்ளிமான்கள் பல்கிப் பெருகின. 2023-இல் அப்பூங்காவின் அங்கீகாரம் நீக்கப்பட்டபோது அங்கே ஏறத்தாழ 600 மான்கள் இருந்தன. அவற்றை எங்கே கொண்டுபோய் விடுவது என்பது உச்சநீதிமன்றம் வரை சென்ற வழக்காயிற்று. எய்வார் இல்லை, மான் உண்டு, அது வாழத்தக்க நிலந்தான் இல்லை. நம் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை.

2018-இல் சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலிய குடியிருப்புகளைப் புதிதாகக் கட்டுவதற்கு ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்தும் திட்டத்தை மக்கள் எதிர்த்தனர். தில்லி உயர்நீதிமன்றம் வெட்டுதலை நிறுத்தி வைத்தது. வேலை நிமித்தம் வந்து சில ஆண்டுகள் தங்கிச் செல்பவர்கள்தாமே நாம், இவ்வழக்குகளில் நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. சீமைக்கருவேல் ஒரு கண்மாயை என்ன செய்யும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். வெட்டிய ஒன்றுக்கு ஈடாகப் பத்து நடுவோம் என்று வாக்களிக்கும்போது, எந்த மரம், எந்த மண்ணில், எந்த உயிருக்காக என்று கேட்கும் தகுதி நமக்கு உண்டு. அக்கேள்வியைக் கேட்பதே, நமக்கு இடம் தந்த இவ்வூருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு.