பேட்டரியைக் கட்டிப்போட்ட கதை

புனேயில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு மணல் வாளி இருக்கிறது. துளசிச் செடிக்கு இல்லீங்க. அக்கா பையன் இங்கேதான் இன்ஜினியரிங் படிக்கிறான், சண்டை ரோபோ கட்டும் கோஷ்டியில் சேர்ந்துவிட்டான். போன மாதம் போட்டி முடிந்து, ஓரம் நசுங்கிய லித்தியம் பாலிமர் பேட்டரி ஒன்றைக் காலேஜ் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்தான். "நல்லாத்தான் இருக்கு மாமா, வோல்டேஜ் காட்டுது" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று ராத்திரி அவனுக்குச் சொன்ன பழங்கதைதான் இது.

மார்க் தோர்ப் என்ற அமெரிக்கர் ரிமோட்டில் ஓடும் வேக்குவம் கிளீனர் செய்யப் போய், கடைசியில் ரோபோக்களை மோதவிடும் யோசனையில் வந்து நின்றார். வீட்டைக் கூட்டுவதைவிட அது சுலபம் போலிருக்கிறது :-) 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் ரோபோ வார்ஸ் நடந்தது. 1998-இல் பிபிசி அதை டிவிக்குக் கொண்டுவந்தது. 2000-இல் அமெரிக்க டிவியில் பேட்டில்பாட்ஸ்.

அந்தக் காலத்தில் நிறையப் பேர் போட்டது யுபிஎஸ்ஸில் இருக்குமே, அந்த சீல் செய்த லெட்-ஆசிட் பேட்டரி. தீப்பிடிக்கும் பயம் குறைவு. வில்லன் அதன் எடைதான். டிரைவர் சடன் பிரேக் போட்டால் பஸ் நிற்கும், நாம் நிற்க மாட்டோம் இல்லையா? அதே மாதிரி அடி வாங்கிய ரோபோ நின்றுவிடும், உள்ளே இருக்கும் கனத்த பேட்டரி நிற்காது. கழன்று போய் அதன் முனை அலுமினியச் சட்டத்தில் பட்டால் ஷார்ட். அதனால் பட்டை போட்டு, போல்ட் முறுக்கி, அசையாமல் கட்டினார்கள்.

அடுத்து நிக்கல்-காட்மியம். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட், 24 வோல்ட் வேண்டுமானால் 20 செல். இதை இறுக்கிக் கட்டினால் மட்டும் போதவில்லை. அதிர்ச்சியில் செல்களை இணைக்கும் தகடுகள் விட்டுப்போகும். ஒன்று விட்டாலே ரோபோ பிணம். 1995-இல் பிளெண்டோ என்ற சுழலும் ரோபோ வந்து, அடிக்கிறவனுக்கும் அதே அடி திரும்பி வரும் என்று ஏற்கெனவே காட்டியிருந்தது. ஆகவே பேட்டரிக்குச் சுற்றிலும் ஃபோம், ரப்பர். இறுக்கவும் வேண்டும், மெத்தையும் வேண்டும்.

பிறகு வந்தது லித்தியம் பாலிமர். அதே சக்தி, எடையோ கொஞ்சம்தான். மிச்சமான எடையை என்ன செய்தார்கள்? ஆயுதத்தில் போட்டார்கள்! 2015-இல் திரும்பி வந்த பேட்டில்பாட்ஸில் எடை வரம்பு 250 பவுண்டு, சுமார் 113 கிலோ. அடி பெரிதானது. அதை வாங்க வேண்டிய பேட்டரிக்கோ இரும்பு ஓடுகூடக் கிடையாது, சிப்ஸ் பாக்கெட் மாதிரி ஒரு பை. குத்துப்பட்டால் உள்ளேயே ஷார்ட் ஆகி, சூடேறி, ஒரு செல் அடுத்த செல்லைப் பற்றவைக்கும். புகையும் விஷம்.

அதுவரை ரோபோவுக்காக பேட்டரியைக் காத்தவர்கள், அதன் பிறகு பேட்டரியிடமிருந்து மனிதர்களைக் காக்க வேண்டியிருந்தது. ரோபோவின் நடுவில் தனிப் பெட்டி, உள்ளே ஃபோம், செல் உப்பினால் இடம், பெட்டிக்குள் நீட்டாத போல்ட் முனை, வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம். வெளியிலிருந்தே பிடுங்கி மின்சாரத்தைத் துண்டிக்க ஓர் இணைப்பு. பிரிட்டிஷ் விதிகளில் இது கட்டாயம்.

நம்மூர்க் கதை வேறு. நான் படித்தபோது கல்லூரி விழாக்களில் பல ரோபோக்கள் வயர் கட்டித்தான் ஓடின. மின்சாரம் களத்துக்கு வெளியே மேஜையிலிருந்து வரும். உள்ளே பேட்டரியே இல்லாதபோது அதைக் காப்பாற்ற யார் கற்றுக்கொள்வார்கள்? வயரை அறுத்துக்கொண்டு நேராக லித்தியத்தில் குதித்த பிள்ளைகள் இவர்கள். நடுவிலிருந்த படிகளை யாரும் காட்டவில்லை.

அவன் பெட்டியைக் கேட்டேன். "பெட்டியா? ஜிப் டை போட்டோம் மாமா."

பேட்டரி மணல் வாளிக்குப் போனது. புதுசு வாங்க நாலாயிரம் ஆகும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தான். காலையில் மாடிக்குப் போய்ப் பார்த்தோம். ஒரு செல் தலையணை மாதிரி உப்பியிருந்தது.

ஒன்றும் பேசவில்லை. கீழே இறங்கி, ஸ்கேலும் அட்டையும் எடுத்து அளவெடுக்க ஆரம்பித்தான்.