பேராதனையில் கூடிய உலக மாணவர்

கொழும்பு மாநகருக்கு 1956ஆம் ஆண்டிலே இரண்டு வாயில்கள் இருந்தன. கப்பலில் வருவோர் கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள துறைமுகத்தில் இறங்குவர். விமானத்தில் வருவோர் பெரும்பாலும் இரத்மலானையில் இறங்கிக் காலி வீதி வழியே தெகிவளையையும் வெள்ளவத்தையையும் கடந்து நகருக்குள் புகுவர். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் இலங்கைக்கு வந்த வெளிநாட்டாருள், கைப்பெட்டியும் கோப்புக் கட்டுமாக வந்த இளைஞர் சிலரும் இருந்தனர். அவர்கள் தத்தம் நாட்டு மாணவர் சங்கங்களின் பிரதிநிதிகள். ஏறக்குறைய எழுபது மைலுக்கு அப்பால், பேராதனையிலே நிகழவிருந்த ஆறாவது சர்வதேச மாணவர் மகாநாட்டுக்கு அவர்கள் வந்தனர்.

இம்மகாநாடு அதற்கு முன்னர் ஸ்டொக்ஹோம், எடின்பரோ, கோப்பன்ஹேகன், இஸ்தான்புல், பர்மிங்ஹாம் ஆகிய நகரங்களிற் கூடியிருந்தது. ஐரோப்பாவையும் துருக்கியையும் விட்டு வெளியே அது கூடியது இதுவே முதன்முறை. அதற்கு இலங்கை தெரிந்தெடுக்கப்பட்டமை தற்செயலானதன்று. 1950 சனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிவிவகார மந்திரிகள் கொழும்பிலே கூடினர். கொழும்புத் திட்டம் அங்கேதான் கருக்கொண்டது. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய ஐந்து நாடுகளின் பிரதம மந்திரிகள் இங்கே கூடிப் பேசினர். மறு ஆண்டு பாண்டுங்கில் நிகழ்ந்த ஆசிய ஆப்பிரிக்க மகாநாட்டுக்கு அப்பேச்சே வழிகோலியது. 1955 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையிலும் இலங்கை அங்கத்துவம் பெற்றது. சிறிய தீவாயினும் பெரியோர் கூடும் இடம் என்ற பெயர் அதற்கு ஏற்பட்டிருந்தது.

பேராதனைப் பல்கலைக்கழகமும் அப்போது புதுமெருகு குன்றாதிருந்தது. 1942இல் கொழும்பிலே தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் மகாவலி கங்கைக் கரைக்குக் குடிபெயர்ந்தது. 1954 ஏப்ரலில் எடின்பரோக் கோமகன் அதனை முறைப்படி திறந்துவைத்தார். ஆனால் பல்கலைக்கழகமோ இரண்டாண்டுகளாக நடைபெற்றுக்கொண்டிருந்தது. ஆகவே, அது வழக்கத்தைக் காட்டிலும் கூடுதலாகத் திறந்திருப்பதாக அறிவிக்கிறேன் என்று கோமகன் நகைச்சுவையாகச் சொன்னார். சிரிப்புக்காகச் சொன்ன அச்சொல் பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் நினைவில் நிலைத்துவிட்டது.

மாணவர் மகாநாடொன்றுக்கு உலகம் ஏன் இத்துணை முக்கியத்துவம் அளித்தது என்பதை அறிய வேண்டுமாயின் பத்தாண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். உலகப் போர் முடிந்ததும், 1946 ஆகஸ்டில், பிராக் நகரிலே சர்வதேச மாணவர் ஒன்றியம் அமைக்கப்பட்டது. கிழக்கும் மேற்கும் அதில் ஒருங்கே இருந்தன. 1948 பெப்ரவரியில் செக்கோசிலோவாக்கியாவின் ஆட்சி கம்யூனிஸ்டுகளின் கைக்கு முற்றாக மாறியபின் அவ்வொற்றுமை சிதறியது. சோவியத் கொள்கையின் குரலாக ஒன்றியம் மாறிவிட்டதென்று மேற்கு நாட்டு மாணவர் சங்கங்கள் ஒவ்வொன்றாக விலகின. விலகியவை 1950 டிசம்பரில் ஸ்டொக்ஹோமிலே கூடின. பிற்காலத்தில் ஸ்வீடனின் பிரதமரான ஊலொஃப் பால்மே அந்நாட்டு மாணவர் இயக்கத்தின் முன்னணியில் நின்ற காலம் அது. 1952இல் ஹொலந்து தேசத்து லெய்டன் நகரில் அம்மகாநாட்டுக்கு ஒரு நிரந்தரச் செயலகமும் ஏற்பட்டது. இவ்வாறு உலக மாணவருக்கு பிராக் ஒரு தலைநகரமாகவும் லெய்டன் மற்றொரு தலைநகரமாகவும் அமைந்தன. இரண்டும் ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் தம்பக்கம் ஈர்க்க முயன்றன. பேராதனை மகாநாட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1956 மே மாத இறுதியிலே, பாண்டுங்கில் ஆசிய ஆப்பிரிக்க மாணவர் மகாநாடு ஒன்றும் தொடங்கியிருந்தது.

லெய்டன் அணியினருக்கு ஒரு கோட்பாடு இருந்தது. மாணவர் சங்கம் மாணவர் என்ற அளவில் எழும் பிரச்சினைகளை மாத்திரமே பேசுதல் வேண்டும். அரசியலை அரசியல்வாதிகளுக்கு விட்டுவிட வேண்டும் என்பதே அது. பாடநூல், விடுதி, புலமைப்பரிசில், பரீட்சை முதலியன அந்த எல்லைக்குள் அடங்கும். ஐரோப்பிய மாணவனுக்கு இது நியாயமாகவே தோன்றியிருக்கும். அல்ஜீரிய மாணவனின் நிலையோ வேறு. 1956 மே மாதத்தில் அல்ஜீரிய முஸ்லிம் மாணவர் சங்கம் வகுப்புகளைப் பகிஷ்கரிக்குமாறு அறைகூவல் விடுத்தது. பலர் நூல்களை மூடிவிட்டு விடுதலைப் போரிற் சேர்ந்தனர். தென்னாப்பிரிக்காவில் ஒருவன் எந்தப் பல்கலைக்கழகத்திற் கற்கலாம் என்பதையே அவனது தோலின் நிறம் தீர்மானித்தது. இத்தகையோரிடம், மாணவன் என்ற அளவில் மட்டும் பேசு என்றால் அவன் எதைப் பேசுவான்? ஐம்பதுகளின் நடுப்பகுதியில் இம்மகாநாட்டைப் பிளந்துநின்ற பெரும் விவாதம் இதுவே. ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கப் பிரதிநிதிகளின் தொகை பெருகப் பெருக, அக்கோட்பாட்டின் வேலி தளர்ந்துகொண்டே வந்தது.

அவ்விவாதத்துக்கு வெளியுலகமும் எண்ணெய் வார்த்தது. 1956 யூலை 26ஆம் திகதி எகிப்தின் அதிபர் நாசர் சுயெஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார். ஐரோப்பாவுக்குச் செல்லும் இலங்கைத் தேயிலை அந்தக் கால்வாய் வழியேதான் சென்றது. எனினும், ஆகஸ்டிலே இலண்டனில் இருபத்திரண்டு நாடுகள் கூடியபோது, கால்வாயைச் சர்வதேச நிருவாகத்தின்கீழ்க் கொணரும் யோசனைக்கு இணங்காத நான்கு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. பேராதனைக்கு வந்த மாணவர் கால்வைத்த மண் அத்தகைய நிலைப்பாட்டை எடுத்திருந்த மண்.

அதே மண்ணில் மற்றொரு வழக்கும் மூண்டிருந்தது. 1956 யூன் 5ஆம் திகதி, சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கும் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்த அன்று, எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையிலே தமிழரசுக் கட்சியினர் காலிமுகத் திடலிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர்கள் தாக்கப்பட்டனர். மசோதா நிறைவேறியது. வெள்ளவத்தைத் தமிழ்க் குடும்பங்களுட் பல அரசாங்க எழுதுவினைஞர் உத்தியோகத்தை நம்பி வாழ்ந்தவை. தந்தையின் பதவி உயர்வும் மகனின் எதிர்காலமும் எந்த மொழியிலே தங்கியிருக்கும் என்ற கேள்வி அவ்வீடுகளின் இராப்போசன மேசைக்கு வந்துவிட்டது. இவையெல்லாம் நிகழ்ந்து மூன்று மாதம் கழிந்தபின்னரே வெளிநாட்டுப் பிரதிநிதிகள் காலி வீதியிற் சென்றனர். அக்காலத்தில் ஆங்கிலத்திற் போதித்துவந்த பேராதனை, வந்தவர் கண்ணுக்கு மொழிப் பூசலின் சுவடற்ற அமைதியான சோலையாகவே தோன்றியிருத்தல் கூடும். தூரதேசத்து அநீதி தெளிவாகத் தெரிவதும், விருந்தளித்த வீட்டின் மனத்தாங்கல் தெரியாதிருப்பதும் சர்வதேச மகாநாடுகளுக்குப் புதியனவல்ல.

பிரதிநிதிகள் வீடு திரும்பிச் சில வாரங்களுள், ஒக்டோபர் 23ஆம் திகதி, புடாபெஸ்ட் நகர மாணவர் ஊர்வலத்திலிருந்து ஹங்கேரியப் புரட்சி வெடித்தது. அதே மாத இறுதியில் எகிப்தின் மீது படையெடுப்பு நிகழ்ந்தது, கால்வாய் அடைபட்டது. கிழக்கு, மேற்கு என்ற இரு அணிகளின் நாயகர்களும் ஒரே வேளையிற் குற்றவாளிக் கூண்டில் நின்றனர்.

பேராதனைக் கதையின் மறுபக்கம் பதினோராண்டுகளின் பின்னரே வெளிவந்தது. கானாவிலிருந்தோ பர்மாவிலிருந்தோ ஒரு மாணவன் ஆகாய விமானமேறி வருவதற்குப் பணம் வேண்டும். ஏழை நாடொன்றின் மாணவர் சங்கத்திடம் அப்பணம் ஏது? லெய்டன் செயலகத்தின் செலவுக்கும், இத்தகைய பிரதிநிதிகளின் பயணத்துக்கும் நியூயோர்க் நகரில் 1952இல் நிறுவப்பெற்ற இளைஞர் மாணவர் அறநிதியம் ஒன்று கொடையளித்துவந்தது. 1967 பெப்ரவரியில், கலிபோர்னியாவிலிருந்து வெளிவந்த ரம்பார்ட்ஸ் என்னும் சஞ்சிகை, அமெரிக்கத் தேசிய மாணவர் சங்கத்துக்குப் பல்லாண்டுகளாகப் பணம் அளித்துவந்தது சி. ஐ. ஏ. எனப்படும் மத்திய உளவு நிறுவனமே என்பதை வெளிப்படுத்தியது. மேற்கூறிய அறநிதியமும் அந்தப் பணம் பாய்ந்த வாய்க்காலே என்பது புலனாகியது. அமெரிக்கச் சங்கத்தின் தலைவர்களுட் சிலர் இரகசியப் பிரமாணம் செய்துகொண்டு இதனை அறிந்திருந்தனர். ஏனையோர் அறியார். பேராதனை மேடையிற் குடியேற்ற ஆட்சியைக் கண்டித்த இளைஞருட் பெரும்பாலோர் தம் பயணச்சீட்டு எவர் பணத்தில் வந்ததென்பதை அறியாமலே பேசியிருந்தனர்.

இதனைக் கொண்டு அவர்களைப் பிறர் கைப்பாவைகள் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அது நீதியாகாது. பணம் கொடுத்தோர் விரும்பியது கம்யூனிச எதிர்ப்பை. பிரதிநிதிகள் பேசியதோ அல்ஜீரியாவையும் தென்னாப்பிரிக்காவையும். அமெரிக்காவின் நட்பு நாடாகிய பிரான்சுக்கு இது உவப்பாக இருந்திராது. பிராக் ஒன்றியத்தின் செலவைச் சோவியத் அணி சுமந்ததும் எவருக்கும் தெரியாத செய்தியன்று. வஞ்சனை நிகழ்ந்தது நம்பிக்கையின் மீது. செய்தி வெளியானபின் சங்கத்துக்குப் பின் சங்கமாக விலகியது. 1969இல் லெய்டன் செயலகம் மூடப்பட்டது. மகாநாடும் அத்துடன் மறைந்தது.

இன்று கொழும்பிற் கூடும் மாணவர் மகாநாடுகள் வேறு வகையின. சர்வதேச சங்கத்தைப் பாவனை செய்து 1920களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தொடங்கிய முறை, ஐக்கிய நாடுகள் மாதிரிச் சபையாக வளர்ந்து இலங்கைப் பாடசாலைகளுக்கும் வந்துள்ளது. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் செல்லும் மாணவர் கழுத்துப்பட்டி அணிந்து, பிரேசில் என்றோ நோர்வே என்றோ எழுதிய பலகையின் பின்னால் அமர்ந்து, அந்நாட்டின் கொள்கையை எடுத்துரைக்கின்றனர். அங்கே சொந்த நாட்டின் பெயர் எழுதிய பலகை பெரும்பாலும் வேறொரு பாடசாலை மாணவனின் கையில் இருக்கும். பங்குபற்றுவதற்கான கட்டணத்தைப் பெற்றோர் செலுத்துகின்றனர்.