ஜோன்ஸ்டவுன்: வெளியேறியவர்கள் முன்பே சொன்னவை

தென் அமெரிக்க நாடான கயானாவின் வடமேற்குக் காட்டுப் பகுதியில், 1978ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் ஒரே மாலைப்பொழுதில் 900க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் உயிரிழந்தனர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர்களின், அவர்களுள் தமிழர்களின், வழித்தோன்றல்களும் வாழும் அந்த நாட்டின் பெயர் உலகில் பலருக்கும் முதன்முறையாக அறிமுகமானது இந்தச் செய்தியின் மூலம்தான்.

இறந்தவர்கள் ஜிம் ஜோன்ஸ் என்ற மதபோதகர் நடத்திய பீப்பிள்ஸ் டெம்பிள், அதாவது மக்கள் ஆலயம், என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள். அவர்கள் காட்டில் அமைத்த குடியிருப்புக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டிருந்தது. அன்றைய உலகச் செய்தித்தாள்கள் இதனைக் கூட்டுத் தற்கொலை என்று வர்ணித்தன. உயிர் தப்பியவர்களில் பலர் அந்தச் சொல்லை ஏற்கவில்லை.

அதைவிடக் குறைவாகப் பேசப்படும் செய்தி ஒன்று உண்டு. ஜோன்ஸ்டவுனில் என்ன நடக்கிறது, என்ன நடக்கக்கூடும் என்பதை அந்த அமைப்பிலிருந்து விலகியவர்கள் முன்கூட்டியே, பெயரைச் சொல்லி, எழுத்து வடிவில் தெரிவித்திருந்தனர்.

ஈர்த்தது எது?

ஜிம் ஜோன்ஸ் தனது சபையை 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கினார். கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் தனித்தனித் தேவாலயங்களுக்குச் செல்வது வழக்கமாக இருந்த காலத்தில், அவரது சபையில் இரு தரப்பினரும் அருகருகே அமர்ந்தனர். ஏழைகளுக்கு இலவச உணவு வழங்கப்பட்டது. முதியோர் இல்லங்கள் நடத்தப்பட்டன. வெள்ளையரான ஜோன்ஸ் தம்பதியர் கறுப்பினக் குழந்தையையும் ஆசியக் குழந்தைகளையும் தத்தெடுத்து வளர்த்தனர். 1961இல் அந்நகரின் மனித உரிமை ஆணையத்துக்கு ஜோன்ஸ் இயக்குநராக நியமிக்கப்பட்டார்.

அமைப்பு 1965இல் கலிஃபோர்னியா மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தது. அணு ஆயுதப் போர் மூளப்போகிறது என்ற அச்சத்தைக் காரணமாகக் காட்டி ஜோன்ஸ் அந்த இடமாற்றத்தை நடத்தினார். பின்னர் சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் கிளைகள் உருவாயின. போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்பியோர், தனித்து வாழ்ந்த கறுப்பின மூதாட்டிகள், வியட்நாம் போரை எதிர்த்த வெள்ளையின இளைஞர்கள் என்று பலதரப்பட்டோர் வந்து சேர்ந்தனர்.

எவரும் தாம் ஓர் ஆபத்தான மதக்குழுவில் சேர்வதாக நினைத்துக்கொண்டு சேர்வதில்லை என்கிறார், ஜோன்ஸின் நம்பிக்கைக்குரியவர்களில் ஒருவராக இருந்து பின்னர் தப்பிய டெபோரா லேட்டன். சிவில் உரிமை இயக்கத்தில் ஈடுபாடு கொண்டிருந்து 1970இல் இணைந்த லோரா ஜான்ஸ்டன் கோல், இன வேறுபாடற்ற ஒரு சமூகத்தைக் கட்டியெழுப்பவே தாம் வந்ததாகத் தமது இறுதிக்காலம் வரை கூறிவந்தார். முன்னாள் உறுப்பினர்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி இது: அவர்கள் ஏமாற்றப்பட்டது உண்மை, ஆனால் அவர்களை ஈர்த்த நோக்கம் பொய்யானதல்ல.

இரு முகங்கள் கொண்ட போதனை

ஜோன்ஸின் போதனை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. பெந்தெகொஸ்தே மரபில் ஊறிய முதியவர்களுக்கு அவர் நோய் தீர்க்கும் தீர்க்கதரிசி. அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பெண்மணியான ஹயசிந்த் த்ராஷ், தமது புற்றுநோயை ஜோன்ஸ் குணமாக்கியதாக நம்பியே நெடுங்காலம் அவரைப் பின்பற்றினார். இளைஞர்களுக்கோ ஜோன்ஸ் ஒரு சோஷலிசவாதி. வேதாகமம் அடிமை முறையை நியாயப்படுத்தப் பயன்பட்ட நூல் என்று கூறி, மேடையிலேயே அதைத் தூக்கியெறிந்தவர்.

முதியவர்கள் அரசியல் பேச்சைப் பொறுத்துக்கொண்டனர். இளைஞர்கள் அற்புதங்களைப் பொறுத்துக்கொண்டனர். மற்றத் தரப்பினருக்குக் காட்டப்படுவது வெறும் வேடம், தமக்குக் காட்டப்படுவதே உண்மை முகம் என்று ஒவ்வொரு தரப்பும் எண்ணியது. இந்த அமைப்பு இத்தனை பேரை இத்தனை காலம் பிடித்து வைத்திருந்ததன் இரகசியம் பெருமளவுக்கு இதில்தான் இருந்தது எனலாம்.

அற்புதங்கள் எவ்வாறு நடத்தப்பட்டன என்பதையும் விலகியவர்களே வெளியிட்டனர். உடலிலிருந்து வெளியேறிய புற்றுக்கட்டி என்று கூட்டத்துக்குக் காட்டப்பட்டது கோழியின் ஈரலும் குடலும். புதிதாக வருவோரின் வீட்டு நிலவரங்களை உதவியாளர்கள் முன்கூட்டியே துப்பறிந்து சொல்ல, ஜோன்ஸ் அவற்றை ஞானதிருஷ்டியாக மேடையில் வெளியிட்டார்.

கட்டுப்பாடு படிப்படியாக இறுகியது. முதலில் வருமானத்தில் ஒரு பங்கு, பின்னர் வீடும் சேமிப்பும், முதியவர்களின் ஓய்வூதியக் காசோலை. இரவு முழுவதும் நீடிக்கும் கூட்டங்களில் தவறிழைத்ததாகக் கூறப்பட்டோர் எல்லோர் முன்னிலையிலும் விசாரிக்கப்பட்டனர், அடிக்கப்பட்டனர். கணவன் மனைவியைப் பற்றியும், பிள்ளைகள் பெற்றோரைப் பற்றியும் தலைமையிடம் தெரிவிக்க வேண்டியிருந்தது.

விசுவாசத்தின் அடையாளமாக வெற்றுத் தாள்களில் கையொப்பம் பெறப்பட்டது. செய்யாத குற்றங்களைச் செய்ததாக, தம் பிள்ளைகளையே துன்புறுத்தியதாகக்கூட, உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தனர். கொடுத்த வேளையில் அது ஒரு சடங்கு போலத் தோன்றியது. விலக நினைத்த வேளையில் அதுவே விலங்காயிற்று. 1975இல் வெளியேறிய மெர்ட்டில் தம்பதியர், தாம் கையெழுத்திட்ட தாள்கள் தமக்கெதிராகப் பயன்படாதிருக்கும் பொருட்டுத் தமது பெயர்களையே மாற்றிக்கொண்டனர். அதன்பின் அவர்கள் அல் மில்ஸ், ஜீனி மில்ஸ் என்று அறியப்பட்டனர்.

அவர்களுக்கும் முன்பாக, 1973இல், இளம் உறுப்பினர்கள் எட்டுப் பேர் ஒரு கடிதத்தை விட்டுவிட்டு வெளியேறியிருந்தனர். பெரும்பான்மையான உறுப்பினர்கள் கறுப்பினத்தவராக இருக்க, தலைமைக்குழு முழுவதும் வெள்ளையர் கையில் இருப்பது ஏன் என்பது அக்கடிதம் எழுப்பிய கேள்விகளுள் ஒன்று. இனச் சமத்துவத்தின் பெயரால் இயங்கிய அமைப்பிடம் இதைவிடக் கூர்மையான கேள்வியை வெளியிலிருந்த எவரும் எழுப்பியதில்லை. அதற்குப் பதில் கிடைக்கவில்லை. அனைவரும் ஒன்றாக இறப்பது பற்றிய பேச்சு தலைமைக்குழுவில் எழுந்தது அதன் பின்னரே என்று முன்னாள் உறுப்பினர்கள் கூறுகின்றனர்.

கேட்கப்படாத சாட்சியம்

சான் பிரான்சிஸ்கோ அரசியலில் அப்போது ஜோன்ஸ் செல்வாக்குமிக்கவர். தேர்தல் பணிக்கு நூற்றுக்கணக்கானோரை ஒரே நாளில் திரட்டித் தரக்கூடியவர். நகரின் வீட்டுவசதி ஆணையத்தில் 1976இல் உறுப்பினராக நியமிக்கப்பட்ட அவர், மறு ஆண்டில் அதன் தலைவரானார்.

நியூ வெஸ்ட் என்ற சஞ்சிகை 1977 ஆகஸ்டில், விலகியவர்கள் பலரின் வாக்குமூலங்களை அவர்களின் பெயரோடும் படத்தோடும் வெளியிட்டது. அது அச்சேறும் முன்னரே ஜோன்ஸ் கயானாவுக்குப் புறப்பட்டுவிட்டார். சுமார் ஆயிரம் பேர் அவரைப் பின்தொடர்ந்தனர்.

அமைப்பின் சட்ட ஆலோசகராக இருந்து விலகிய டிம் ஸ்டோனும் அவரது மனைவி கிரேஸும், ஜோன்ஸ்டவுனில் வைக்கப்பட்டிருந்த தமது சிறு மகனை மீட்க நீதிமன்றங்களை நாடினர். அவர்களும் மில்ஸ் தம்பதியரும் பிறரும் இணைந்து, கவலை கொண்ட உறவினர்கள் என்ற பெயரில் ஒரு குழுவாகச் செயற்பட்டனர். ஜோன்ஸ்டவுனில் நிகழும் மனித உரிமை மீறல்களைப் பட்டியலிட்டு 1978 ஏப்ரலில் அவர்கள் ஓர் ஆவணத்தை வெளியிட்டனர். துரோகிகள், பொய்யர்கள் என்பதே அமைப்பு அவர்களுக்குச் சூட்டிய பெயர்.

அடுத்த மாதம் டெபோரா லேட்டன், தலைநகர் ஜார்ஜ்டவுனில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் உதவியுடன் தப்பினார். ஜூனில் அவர் அளித்த சத்தியப் பிரமாண வாக்குமூலம் இன்று படிப்போரையும் அதிரவைக்கக்கூடியது. ஆயுதம் தாங்கிய காவலர்கள், போதிய உணவின்மை, ஒலிபெருக்கியில் மணிக்கணக்கில் ஒலிக்கும் ஜோன்ஸின் குரல் ஆகியவற்றோடு, ஓரிரவில் நடந்த ஒத்திகையையும் அது விவரித்தது. குழந்தைகள் உட்பட அனைவரும் வரிசையில் நிறுத்தப்பட்டு, ஒரு பானம் கொடுக்கப்பட்டு, அதில் நஞ்சு இருப்பதாகவும் 45 நிமிடங்களில் மரணம் நேரும் என்றும் அறிவிக்கப்பட்டது. பின்னர், அது விசுவாசத்தைச் சோதிக்க நடத்தப்பட்டது என்று கூறப்பட்டது. இது எழுதப்பட்டபோது நவம்பருக்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன.

அமெரிக்கத் தூதரக அதிகாரிகள் ஜோன்ஸ்டவுனுக்குச் செல்லாமல் இருக்கவில்லை. பல தடவை சென்றனர். குடியிருப்பாளர்களுடன் தனியே பேசவும் செய்தனர். தாம் மகிழ்ச்சியாக இருப்பதாகவே எல்லோரும் பதிலளித்தனர். என்ன கேட்கப்படும், எவ்வாறு பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு முன்கூட்டியே பயிற்சி அளிக்கப்பட்டிருந்தது. கடவுச்சீட்டு தலைமையிடம் இருக்க, பிள்ளைகள் பின்னால் இருக்க, நடுக்காட்டில் நின்று கேட்கப்படும் கேள்விக்கு வேறு பதிலை எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயம் என்பது அன்று எவருக்கும் தோன்றவில்லை போலும். இந்த விவகாரத்தை வெளியுறவுத் துறை கையாண்ட விதத்தை, அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் வெளியுறவுக் குழுவுக்காகத் தயாரிக்கப்பட்ட 1979ஆம் ஆண்டு அறிக்கை குறைகூறியது.

விலகியவர்களின் சாட்சியத்தை எந்த அளவுக்கு ஏற்பது என்ற கேள்வி மதவியல் ஆய்வாளர்களிடையே இன்றும் உள்ளது. பிரிட்டிஷ் சமூகவியலாளர் பிரயன் வில்சன், விலகியவருக்குத் தமது கடந்தகாலத்தை நியாயப்படுத்தும் தேவை இருப்பதால் அவரது கூற்றை நடுநிலையானதாகக் கொள்ள இயலாது என்று வாதிட்டார். ஜோன்ஸ்டவுனைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கை பெரிதும் பொருந்தவில்லை. அங்கிருந்து அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் கைப்பற்றிய ஏறத்தாழ ஆயிரம் ஒலிநாடாக்களில், நஞ்சு பற்றிய பேச்சும் தண்டனைக் கூட்டங்களும் ஜோன்ஸின் சொந்தக் குரலிலேயே பதிவாகியுள்ளன.

எனினும் மறுபக்கமும் உண்டு. தமது இரு சகோதரிகளை அங்கு இழந்தவரும் மதவியல் பேராசிரியருமான ரெபெக்கா மூர், வெளியிலிருந்து வந்த அழுத்தங்களும் முற்றுகைக்குள்ளான உணர்வை அந்தச் சமூகத்தில் வளர்த்தன என்று சுட்டிக்காட்டியுள்ளார்.

இறுதி நாள்

கலிஃபோர்னியாவைப் பிரதிநிதித்துவப்படுத்திய பிரதிநிதிகள் அவை உறுப்பினர் லியோ ரயன், செய்தியாளர்களையும் உறவினர்கள் சிலரையும் அழைத்துக்கொண்டு நவம்பர் 17ஆம் நாள் ஜோன்ஸ்டவுனை அடைந்தார். இசையும் விருந்துமாகக் கழிந்த அந்த இரவில், தம்மை அழைத்துச் செல்லுமாறு கோரும் ஒரு துண்டுச்சீட்டு செய்தியாளர் ஒருவரின் கையில் இரகசியமாகத் திணிக்கப்பட்டது. மறுநாள் மேலும் பலர் வெளியேற விரும்புவதாக வாய்திறந்தனர். வேறொரு சிறு குழு, சுற்றுலா செல்வதாகக் கூறி அன்று காலையே காட்டுவழியாக நடந்து தப்பியது.

போர்ட் கைட்டூமா விமானத் தளத்தில் ரயனும் செய்தியாளர்கள் மூவரும், வெளியேறிய பெண் ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் ஜோன்ஸ்டவுனில், சயனைட் கலந்த திராட்சைச் சுவைப் பானம் முதலில் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. அங்கு 909 பேர் இறந்தனர். ஜார்ஜ்டவுனில் இருந்த அமைப்பின் இல்லத்தில் மேலும் நால்வர் இறந்தனர். மொத்தம் 918 பேர். அவர்களில் சுமார் 300 பேர் சிறார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானோர் கறுப்பினத்தவர். ஜோன்ஸ் துப்பாக்கிக் குண்டுக் காயத்துடன் இறந்து கிடந்தார்.

அந்தக் கடைசிக் கூட்டத்தின் ஒலிப்பதிவில், கிறிஸ்டின் மில்லர் என்ற பெண்மணி எழுந்து மறுத்துப் பேசுவது கேட்கிறது. குழந்தைகள் வாழ உரிமை உள்ளவர்கள் என்று அவர் வாதாடுகிறார். கூட்டம் அவரைக் கூச்சலிட்டு அடக்குகிறது.

தற்கொலையா, கொலையா?

தமது மனைவியையும் கைக்குழந்தையையும் அங்கு இழந்த டிம் கார்ட்டர், நடந்தது கொலை என்பதில் உறுதியாக இருக்கிறார். சிறு பிள்ளைகளும் படுக்கையிலிருந்த முதியவர்களும் தற்கொலை செய்துகொண்டதாக எவ்வாறு கூற முடியும் என்பதே உயிர் தப்பியோரின் கேள்வி. உடல்களைப் பார்வையிட்ட கயானாவின் தலைமை நோயியல் நிபுணர் லெஸ்லி மூட்டூ, பலரின் உடல்களில் ஊசி ஏற்றப்பட்ட தடயங்கள் இருந்ததாகத் தெரிவித்தார். தாமாகவே அருந்தியவர்களும் இருந்தனர் என்பதை முன்னாள் உறுப்பினர்கள் மறுப்பதில்லை. ஆனால் அது எத்தனை பேர் என்பதை இனி எவராலும் கணக்கிட முடியாது.

கண்மூடித்தனமாக ஒருவரைப் பின்பற்றுவதைக் கூல் எய்ட் குடிப்பதாகக் கூறும் வழக்கு அமெரிக்க ஆங்கிலத்தில் நிலைபெற்றுவிட்டது. அலுவலகங்களில் வேடிக்கையாகவும் அது சொல்லப்படுகிறது. தம் பிள்ளைகளின் மரணம் ஒரு கேலிச்சொல்லானது உறவினர்களைத் தொடர்ந்து புண்படுத்துகிறது. அன்று பயன்படுத்தப்பட்ட பானம் அந்த நிறுவனத்தினுடையதாகக்கூட இருக்கவில்லை, அது ஃபிளேவர் எய்ட் என்ற வேறொரு தயாரிப்பு.

பிழைத்தவர்களின் வாழ்க்கை

உயிர் பிழைத்தவர்களின் பாதைகள் ஒன்றுபோல் அமையவில்லை. அமைப்பின் செய்தித் தொடர்பாளராக இருந்த மைக்கல் புரோக்ஸ், 1979 மார்ச்சில் ஒரு செய்தியாளர் சந்திப்பின்போது தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். தமது அனுபவத்தை நூலாக எழுதிய ஜீனி மில்ஸும் அவரது கணவரும் மகளும் 1980 பெப்ரவரியில் பெர்க்லி நகரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த வழக்கு தீர்க்கப்படவில்லை. லோரா ஜான்ஸ்டன் கோல், கட்டுப்பாடுகள் மிகுந்த மற்றொரு குழுவான சினனானில் சேர்ந்து பத்தாண்டுகள் வாழ்ந்தார். பின்னர் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய அவர், ஜோன்ஸ்டவுன் பற்றிப் பொது மேடைகளில் பேசத் தொடங்கியது வெகுகாலம் கழித்தே. 2019இல் அவர் காலமானார்.

ஹயசிந்த் த்ராஷ் அந்த மாலையில் தமது குடிலிலேயே இருந்துவிட்டார். மறுநாள் காலை வெளியே வந்து பார்த்தபோது தமது சகோதரி உட்பட அனைவரும் இறந்து கிடந்தனர். அவர் இண்டியானாபொலிஸுக்கே திரும்பினார்.

அடையாளம் காணப்படாத அல்லது எவரும் பொறுப்பேற்க முன்வராத 400க்கும் மேற்பட்டோரின் உடல்கள் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் ஒரே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. இறந்த அனைவரின் பெயர்களும் பொறிக்கப்பட்ட கற்பலகைகள் அங்கு 2011இல் பதிக்கப்பட்டன. ஜிம் ஜோன்ஸின் பெயரும் அவற்றில் இடம்பெற்றது. உறவினர்கள் 27 பேரை இழந்த மதபோதகர் ஜைனோனா நோர்வுட் அதனைக் கடுமையாக எதிர்த்தார். அங்கு இறந்த அனைவரின் பதிவும் அது என்பதே பலகைகளை அமைத்தவர்களின் வாதம்.

காடு மூடிவிட்ட ஜோன்ஸ்டவுனுக்குச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்லும் திட்டம் 2024இன் இறுதியில் கயானாவில் அறிவிக்கப்பட்டபோது, அந்நாட்டிலேயே எதிர்ப்பு எழுந்தது. சிறுமியாக இருந்தபோது அமைப்புக்குள் கொண்டுவரப்பட்டு, சம்பவ நாளில் ஜார்ஜ்டவுனில் இருந்ததால் உயிர் தப்பிய ஜோர்டன் வில்ச்செஸிடம் இது குறித்துக் கேட்கப்பட்டது. தமது இரு சகோதரிகளையும் அவர்களின் பிள்ளைகள் இருவரையும் அங்கு இழந்தவர் அவர். கயானா அதனால் வருவாய் ஈட்டுவதில் தவறில்லை என்று கூறிய அவர், ஏமாற்றப்பட்டு இறப்புக்கு இட்டுச்செல்லப்பட்ட மனிதர்களின் இடம் அது என்ற மரியாதை அங்கு செல்வோரிடம் இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.