ஆர்சனைட் ஆக்சிடேஸ்

ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்றும் பாக்டீரிய நொதி. இதன் மையத்தில் மாலிப்டினமும் இரும்பு-கந்தகத் தொகுதிகளும் உள்ளன. ஆர்சனைட்டிலிருந்து இரண்டு எலெக்ட்ரான்களைப் பறிப்பதே இதன் வேலை.

இந்தச் சிறு மாற்றம்தான் நீர்ச் சுத்திகரிப்புக்குப் பெரிதும் உதவுகிறது. நச்சு மிகுந்த ஆர்சனைட், சாதாரண நிலத்தடி நீரில் மின்னூட்டமின்றி இருப்பதால் வடிகட்டிகளில் எளிதில் சிக்காது. எதிர்மின்னூட்டம் கொண்ட ஆர்சனேட்டோ இரும்பு ஆக்சைடு பூசிய மணலில் ஒட்டிக்கொள்ளும். நொதி நஞ்சை அழிப்பதாகப் பலர் எழுதுவது தவறு. ஆர்செனிக் ஒரு தனிமம், எந்த உயிராலும் அதைச் சிதைக்க முடியாது. பிடிபடும் வடிவத்துக்குக் கொண்டுவரலாம், அவ்வளவே.

ஆர்சனைட்டை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியா முதலில் அகப்பட்டது 1918இல், தென்னாப்பிரிக்காவில்: உண்ணி ஒழிக்க மாடுகளை முக்கியெடுக்கும் ஆர்செனிக் தொட்டியில். நொதியின் படிக அமைப்பு 2001இல் வெளியானது.

வங்கதேசத்தில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் உள்ள அடிகுழாய்களின் வாயில் சிவப்புச் சாயம் பூசினார்கள், குறைந்தவற்றுக்குப் பச்சை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 10தான். அங்கே வண்டலிலிருந்து ஆர்செனிக் நீருக்குள் கசிவதிலும் பாக்டீரியாக்களுக்குப் பங்குண்டு. அவற்றின் ரிடக்டேஸ் நொதிகள் எதிர்த்திசையில் இயங்குகின்றன.

பிரித்தெடுத்த ஆர்சனைட் ஆக்சிடேஸ் விலை கூடியது, விரைவில் செயலிழப்பது. ஆகவே நீர்ச் சுத்திகரிப்புச் சோதனைகளில் பெரும்பாலும் உயிருள்ள பாக்டீரியாக்களையே மணற்படுகையில் படலமாக வளர்க்கிறார்கள். குளோரினும் பெர்மாங்கனேட்டும் ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக்கும் இதே மாற்றத்தை வேதிமுறையில் செய்துவிடும்.