வடு இல்லாத தோல்: அருணா ஷான்பாக் மருத்துவ அறிக்கை குறித்து ஒரு மறுவாசிப்பு

தீவிர சிகிச்சைப் பிரிவில் வரும் படுக்கைப்புண் ஒவ்வொன்றும் செவிலியரின் கவனக்குறைவே என்று வாதிடுவோர், மும்பை பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் 1973 நவம்பர் முதல் 2015 மே வரை படுக்கையிலிருந்த, அங்கே செவிலியராகப் பணியாற்றிய அருணா ஷான்பாக்கைச் சான்றாகக் காட்டுகிறார்கள். 41 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தவருக்கே வராத புண், பத்து நாள் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஏன் வர வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அதற்கு ஆதாரமான ஆவணம் அந்த வாதத்தைத் தாங்காது என்றே கருதுகிறேன்.

அருணா வழக்கில் 2011 மார்ச் 7 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், அவரைப் பரிசோதித்த மருத்துவர் மூவரின் அறிக்கை இடம்பெற்றுள்ளது. மூவரில் ஜே.வி. திவாதியா அப்போது டாடா நினைவு மருத்துவமனையின் தீவிர சிகிச்சை வல்லுநர். தோல் பொதுவாக நன்றாக இருக்கிறது, படுக்கைப்புண் இல்லை, பழைய புண் ஆறிய தடயமும் இல்லை என்கிறது அறிக்கை. மேற்கோள் காட்டுவோர் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள வரிகளே எனக்கு முக்கியம். காய்ச்சல் இல்லை. நாடி 80, சீராக ஓடுகிறது. செவிலியர் குறிப்பேட்டின்படி இரத்த அழுத்தம் இயல்பு. மூச்சுத் திணறல் இல்லை. ஊட்டக்குறைவோ நீர்ச்சத்துக் குறைவோ தோலில் தெரியவில்லை. இடது கை அசைகிறது. மூளை சிதைந்திருந்தாலும் தோலுக்கு இரத்தம் தடையின்றிப் போய்க்கொண்டிருந்த உடல் அது.

இரத்த அழுத்தத்தை உயர்த்த நார்அட்ரினலின் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளியின் நிலை வேறு. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே நசுங்கும் திசு தாக்குப்பிடிக்கும் நேரம் குறைகிறது. மயக்க மருந்தில் இருப்பவர் தாமாக ஒரு விரலைக்கூட நகர்த்துவதில்லை. சிலரைப் புரட்டினால் இரத்த அழுத்தமே சரிந்துவிடும். 2018 மே 15 அன்று 90 நாடுகளின் 1,117 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 13,254 பேரைப் பார்த்த ஆய்வில், நூற்றுக்குப் பதினாறு பேருக்கு அங்கேயே உண்டான புண் இருந்தது. ஆபத்தைக் கூட்டுபவற்றுள் செயற்கைச் சுவாசமும் சிறுநீரகச் சுத்திகரிப்பும் வருகின்றன. நாட்டின் வறுமையும் வருகிறது. அதற்காக எந்தப் புண்ணும் தடுக்கக்கூடியதல்ல என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை தடுக்கக்கூடியவைதான்.

இன்னொன்று. மேல்தோலோடு நிற்கும் புண் வடுவின்றி ஆறிவிடும். ஆகவே மருத்துவர்கள் நேரில் பார்த்தது ஆழமான புண் வந்ததில்லை என்பதற்கே சாட்சி; லேசான புண்ணும் வந்ததில்லை என்பது மருத்துவமனையின் சொல். அச்சொல்லை ஐயுற எனக்குக் காரணமில்லை. என் வாதம் செவிலியரைச் சிறுமைப்படுத்துகிறது என்போர், மணிக்கட்டும் முழங்காலும் மடங்கி இறுகிப்போயிருந்ததைச் சொல்லும் வரிகளைப் படிக்கவில்லை போலும். மெலிந்து சுருண்ட அவ்வுடலைப் புண்ணின்றிக் காப்பது எளிதல்ல.

அதைச் சாதித்தது எது? அன்பு என்று எழுதுவது நிர்வாகங்களுக்கு வசதி. அன்புக்குச் சம்பளப் பட்டியல் தேவையில்லை. நான்காம் வார்டை ஒட்டிய தனியறையில், தங்கள் முன்னாள் சகாவை, ஷிப்ட் மாறி ஷிப்டாகப் பார்க்க ஆட்கள் இருந்தார்கள். பிற பிரிவுகளுக்கு எடுத்துச் செல்லத்தக்க பாடம் அந்த ஆள்பலமே.

ஆள் குறைவைப் பொருளால் ஈடுகட்டலாம் என்போருக்கு டிராம்பே ஒரு மறுப்பு. அங்கே பாபா அணு ஆராய்ச்சி மையம் பாலிவினைல் ஆல்கஹாலைக் கதிர்வீச்சால் பிணைத்து ஹைட்ரோஜெல் கட்டு ஒன்றை உருவாக்கியது. பிணைப்பும் கிருமிநீக்கமும் ஒரே கதிர்வீச்சில் நடந்துவிடுகின்றன. தீக்காயத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் நல்ல பொருள். ஆனால் அதைத் தடுப்புப் பட்டியலில் சேர்ப்பது பிழை. புண்ணை ஆற்றுவது அதிலுள்ள ஈரம். புண் வராத தோலில் அதே ஈரம் ஊறித் தோலை நலிவாக்கும். வருமுன் ஒட்டுவதற்கு உரியது பல அடுக்கு சிலிகோன் நுரைக் கட்டு. அதை ஒட்டினாலும் புரட்டும் வேலை குறையாது.

எனவே ஒரு புண் தவிர்க்கக்கூடியதாக இருந்ததா என்பதைப் புண்ணைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. புரட்டிய நேரமும், புரட்டாவிட்டால் அதற்கான காரணமும், அப்போதைய இரத்த அழுத்தமும், அந்த ஷிப்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பதும் ஒரே தாளில் பதிவாகியிருக்க வேண்டும். கடைசி விவரத்தை எழுதவேண்டியவர் செவிலியர் அல்லர், கண்காணிப்பாளர்.