தேடுபெட்டியின் கதை – 7: கொரட்டூர் எங்கே?

உலாவியின் மூலையில் தேடுபெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. நமக்கு வேண்டிய தேடலை அதற்குள் நாமே பொருத்த முடியுமா? சென்ற வாரம் இங்கேதான் நிறுத்தினோம்.

முடியும் என்றது 2004 நவம்பர் 9-ல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 1.0. ஆனால் அதன் செருகுநிரல் முறை இரவல் சட்டை. 1998-ல் ஆப்பிள் தன் மேக் கணினியின் ஷெர்லாக் தேடலுக்காக வகுத்தது அது. விடைப்பக்கத்தில் முடிவுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதைக்கூட அந்தக் கோப்பில் குறிக்கலாம். தளத்துக்காரர் பக்கத்தைச் சற்று மாற்றினால் போதும், குறித்தது செல்லாக்காசு.

2005 மார்ச்சில் அமேசானின் ஏ9 நிறுவனம் ஓப்பன்சர்ச் முறையை வெளியிட்டது. 2006 அக்டோபர் 18-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7, 24-ல் ஃபயர்ஃபாக்ஸ் 2. களத்தில் முட்டிக்கொண்ட இருவரும் ஆறே நாள் இடைவெளியில் ஒரே கோப்பை ஏற்றார்கள்.

கோப்பைத் திறந்து பார்ப்போம். சில வரி எக்ஸ்எம்எல். ஒரு பெயர், ஒரு விளக்கம், எழுத்துக் குறியாக்கம், தளத்தின் முகவரி. முகவரியின் நடுவே நெளிவு அடைப்புக்குறிக்குள் ஒரு காலியிடம்; நாம் தட்டும் சொல் அங்கே போய் அமரும். அவ்வளவுதான். நோட்பேட் திறக்கத் தெரிந்தவர் எழுதிவிடலாம். எங்கே தேடுவது என்ற முடிவை நிறுவனத்தின் கையிலிருந்து வாங்கி நம் கையில் வைத்தது இந்தச் சின்னக் கோப்பு. அதனால்தான் இதன்மேல் எனக்கு இத்தனை பிரியம்.

தமிழ் உள்ளே வந்ததும் கணக்கு மாறியது. பெயர் 16 எழுத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. 'தமிழ் விக்கிப்பீடியா' நம் எண்ணிக்கையில் இடைவெளி உட்பட 11. புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணும் யூனிகோடில் 20!

சொல்லுக்கும் அதே கதி. 1955 காங்கிரஸ் மாநாட்டைப் பற்றிப் படிக்க ஒருவர் 'ஆவடி' என்று தட்டுகிறார் என்போம். நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடுக்கு நான்கு, யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 12. கோப்பில் குறியாக்கத்தைத் தவறாக எழுதியிருந்தால் ஆவடி போய்ச் சேரும்போது வெறும் கேள்விக்குறிகளாகச் சிதைந்திருக்கலாம். சரியாக எழுதியிருந்தால் பத்திரமாக இறங்கும்.

ஆவடி இறங்கிவிட்டது. அதே ரயிலில் சென்ட்ரல் பக்கம் வருவோம். அம்பத்தூர், பட்டரவாக்கம், அடுத்தது கொரட்டூர்.

தட்டினால், இல்லை என்கிறது தளம். பக்கத்தைத் திறந்தால் கண்ணெதிரே கொட்டை எழுத்தில் இருக்கிறது கொரட்டூர்! கோப்பில் பிழையில்லை, குறியாக்கத்தில் பிழையில்லை, எழுத்துப்பிழையும் இல்லை. இரண்டு கொரட்டூரையும் அருகருகே வைத்துப் பைட்டுகளை எண்ணினால், தட்டியதில் 27. பக்கத்தில் இருப்பதில் 30.

அந்த மூன்று பைட் எங்கே ஒளிந்திருக்கிறது?

(தொடரும்)