உத்தரமேரூர்ச் சபையும் ஊர்க்கணக்கும்

தமிழர் எந்நகரில் வாழினும் பெருமையோடு நினைவுகூரும் ஊர்களுள் ஒன்று, காஞ்சிபுரத்திற்குத் தெற்கே அமைந்த உத்தரமேரூர். ‘குடவோலை முறை’ என்னும் தொடர் பள்ளிப் பருவத்திலேயே நம் நெஞ்சில் பதிந்தது. ஆயினும், குடத்தில் ஓலையிட்டு ஆளைத் தேர்ந்ததோடு அவ்வூரார் கடமை முடிந்துவிடவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் தம் பணியைச் செம்மையாக ஆற்றினாரா என்று ஆராய்வதற்கும் அவர்கள் வழிவகுத்திருந்தனர். அதிகம் பேசப்படாத அப்பகுதியே இக்கட்டுரையின் பொருள்.

வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சார்ந்த இரு கல்வெட்டுகள் உள்ளன. அவை முறையே கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. இரண்டும், அரசன் ஆணை தாங்கி வந்த அதிகாரி உடனிருக்கச் சபையார் செய்த தீர்மானங்கள். முதற் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த உறுப்பினர் வயது, இரண்டாவதில் 35 முதல் 70 வரை என மாறுகிறது. ஈராண்டுக்குள் விதி திருத்தப்பட்டமை, நடைமுறையில் கண்ட குறைகளைக் களைய முயன்றதன் அடையாளம் எனக் கொள்ளலாம்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் உரியவராயினர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றுக்குத் தனியே அறுவர் அறுவராகத் தேர்ந்தனர். தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்னர்ப் பணிபுரிந்தவரும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவருமே சம்வத்சர வாரியத்திற்கு வந்தனர் என்பது கருதத்தக்கது. பணி இவ்வாறு பகுக்கப்பட்டமையால் பொறுப்பும் தெளிவாயிற்று. ஏரிக்கரை உடைந்தால் யாரைக் கேட்பது என்ற ஐயம் ஊராருக்கு எழ இடமில்லை.

வாரியத்தார்க்கு வாய்த்த காலம் 360 நாள். ஒருமுறை பணிபுரிந்தவர் அடுத்த மூன்றாண்டு வாரியத்துள் நுழைதல் கூடாது. இடையில் குற்றம் காணப்பட்டவரை அப்பொழுதே நீக்குக என்பது விதி. இவை எல்லாவற்றினும் வலிய காவல் ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் பெயரைக் குடவோலையில் எழுதுதல் ஆகாது. அவர்தம் தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மருமகன் முதலிய உறவினர் பெயரையும் எழுதுதல் ஆகாது. கணக்கு ஒளித்தவன் தன் குடும்பத்தையே பொதுப்பணியினின்று விலக்கிக்கொண்டவன் ஆனான்.

கணக்கு எழுதுபவரும் இக்காவலுக்கு உட்பட்டவரே. நேர்மையாகப் பொருளீட்டுபவரே கணக்கெழுத வேண்டும். தம் காலத்துக் கணக்கைச் சபைப் பெருமக்களிடம் காட்டித் தூயர் எனத் தீர்ப்புப் பெறாதவரை அவர் மீண்டும் அப்பணியில் அமர இயலாது. ஒருவர் எழுதிய கணக்கை அவரே ஒப்படைக்க வேண்டும். பிறரொருவரைக் கொண்டு முடிக்கலாகாது. பின் வந்தவர் மீது பழியைச் சுமத்தித் தப்பும் வழி இதனால் அடைபட்டது.

இச்சபையைப் போற்றும்போது அதன் எல்லையையும் மறத்தல் ஆகாது. உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடைய அந்தணர்க்கே வாரியத்தில் இடம் இருந்தது. ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லார்க்கு அரைக்கால் வேலி போதுமானதாயிற்று. பெண்டிருக்கும், அந்நிலத்தில் உழைத்த மக்களுக்கும் இடமில்லை. ஏரி நீரால் விளைவித்தவர், ஏரி காத்தவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை பெற்றிலர். எனவே அம்முறையை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது.

அன்று விடுபட்டோருக்கும் அவ்வுரிமை பின்னர் வந்தது. 1992இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் ஊர்மக்கள் அனைவரும் கூடும் கிராம சபைக்கும், 74ஆம் திருத்தம் 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் வார்டு குழுக்களுக்கும் இடமளித்தன. 1994இல் பெங்களூரில் சாமுவேல் பால் முன்னின்று, நகர்ப் பணிகளைக் குறித்து மக்களையே வினவி, அவர்கள் அளித்த மதிப்பெண்களை ஓர் அட்டையாக வெளியிட்டார். குடிநீர், மின்சாரம், குப்பை அகற்றல் முதலிய பணிகளை ஆற்றிய நிறுவனங்கள் தம் மதிப்பெண்ணை ஊரறியக் காண நேர்ந்தது. 1999இலும் 2003இலும் மீண்டும் அவ்வட்டை வந்தபோது, பல நிறுவனங்களின் பணி மேம்பட்டதை மக்களே குறித்தனர். உத்தரமேரூரில் சபைப் பெருமக்கள் கேட்ட கணக்கைப் பெங்களூரில் குழாயடியில் நிற்பவரும் கேட்டார்.

பிறந்த மண்ணை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நாம், நகராட்சிப் பணிகளைப் ‘பிறர் ஊரின் செய்தி’ என்று ஒதுங்கியிருத்தல் எளிது. ஆயினும் நம் பிள்ளைகள் பருகுவது இந்நகரின் நீரே. நாம் செலுத்துவது இந்நகரின் வரியே. உத்தரமேரூரின் பெருமையை மேடையில் பேசும் நாம், நம் வார்டு உறுப்பினரிடம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணக்குக் கேட்டோமானால், அக்கல்வெட்டை மெய்யாகவே படித்தவர் ஆவோம்.